தானமாய் வரும் கணிப்பொறி



தானமாய்க் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். கொடுத்தவன் மனம் நோகக் கூடாது என்ற மரியாதை அந்தப் பழமொழியில் இருக்கிறது. ஆயினும் மாட்டை ஓட்டிவந்த பிறகு வைக்கோல் போடுகிறவன் யார்? தண்ணீர் காட்டுகிறவன் யார்? நோய் கண்டால் வைத்தியரைத் தேடி ஓடுகிறவன் யார்? வாங்கினவன்தான். ஆகவே பல்லைப் பார்ப்பது நன்றிகெட்ட செயல் என்று ஒரேயடியாய்த் தள்ளிவிடுவதற்கில்லை. கணிப்பொறி, அதாவது நம் பிள்ளைகள் வாயில் கம்ப்யூட்டர், தானமாய் வரும்போது அவசியம் பல்லைப் பார்க்க வேண்டும் என்பதே இவ்வாரப் பாடம்.

இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் பங்கிலிருந்து பிரான்சுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போன பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது இரண்டு கேள்விகள் வருகின்றன. படிக்கிற பிள்ளை கேட்கிறது: "சாமி, எங்கள் கல்லூரியில் மாணவர் குழு ஒன்று வெளிநாட்டுப் பள்ளிகளுக்குக் கணிப்பொறி கொண்டுபோய்க் கொடுக்கிறது. நானும் சேரலாமா?" வேலைபார்க்கிற பிள்ளை கேட்கிறது: "சாமி, எங்கள் கம்பெனியில் பழைய கணிப்பொறிகளைக் கழித்துக் கட்டுகிறார்கள். நம் ஊர்ப் பள்ளிக்கு அனுப்பட்டுமா?" ஒருவர் கொடுக்கிற இடத்தில் நின்று கேட்கிறார், மற்றவர் வாங்குகிற இடத்துக்காகக் கேட்கிறார். இரண்டுக்கும் விடை ஒன்றேயாதலால் சேர்த்துச் சொல்லுவோம்.

மாணவர் சேவைப் பிரயாணம் என்பது இன்று பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. கல்லூரி மாணவர் பத்து இருபது பேர் ஓர் ஆசிரியரோடு கூடி, பணம் சேர்த்து, பழைய கணிப்பொறிகளைத் தூசி தட்டிப் பழுது நீக்கி, வசதியற்ற நாட்டுப் பள்ளி ஒன்றுக்குக் கொண்டுபோய் நிறுவிக்கொடுத்து, இரண்டொரு வாரம் அங்கே தங்கிச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டு தொடங்கி, இளைஞரை அயல்நாட்டு ஊழியத்துக்கு அனுப்பும் திட்டமே தனியாக ஏற்பட்டது. அமெரிக்காவில் 1999-இல் உண்டான வேர்ல்டு கம்ப்யூட்டர் எக்ஸ்சேஞ்ச் என்ற சபை, கழிக்கப்பட்ட கணிப்பொறிகளைச் சேகரித்து ஏழை நாட்டுப் பள்ளிகளுக்கு அனுப்புவதோடு, அவற்றைப் பொருத்தித்தரத் தொண்டர்களையும் அனுப்பியது. அயர்லாந்தில் 2005-இல் தொடங்கிய கமாரா என்னும் ஸ்தாபனம் ஆப்பிரிக்கப் பள்ளிகளுக்கு இவ்வாறே செய்தது.

இந்தப் பிள்ளைகளைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை. விடுமுறையைச் சினிமாவிலும் கடற்கரையிலும் கழிக்காமல், முன்பின் தெரியாத பிள்ளைகளுக்காகச் சாமான் தூக்குகிற கை நல்ல கைதான். ஆனால் நல்ல கை மட்டும் போதுமா?

விமானம் ஏறிப் போன பின்பு நடப்பதைச் சற்று யோசியுங்கள். மாலை மரியாதை முடிந்தது. படம் எடுத்தாயிற்று. பத்துக் கணிப்பொறிகள் ஓர் அறையில் வரிசையாய் உட்கார்ந்திருக்கின்றன. விலையுயர்ந்த சாமானாயிற்றே என்று தலைமையாசிரியர் அறையைப் பூட்டிச் சாவியைத் தம்மிடம் வைத்துக்கொள்கிறார். மின்சாரம் வந்து வந்து போகிறது. மின்சாரம் போனாலும் சற்று நேரம் ஓடவைக்கும் யு.பி.எஸ். பெட்டியிலுள்ள பாட்டரி இரண்டு மூன்று ஆண்டில் சத்திழந்துபோகும். புதிது வாங்கப் பள்ளிக் கணக்கில் பணம் ஒதுக்கப்படவில்லை. பயிற்சி பெற்ற ஒரே ஆசிரியர் மாறுதலாகிப் போகிறார். நம்மைப் போன்ற கடலோர ஊரானால் உப்புக்காற்று வேறு. சைக்கிள் சங்கிலியையும் ஜன்னல் கம்பியையும் அது என்ன பாடு படுத்துகிறது என்று மணப்பட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பூட்டிய அறைக்குள் ஓடாமல் கிடக்கும் கணிப்பொறியின் உள்ளே இருக்கும் மெல்லிய செம்புக் கோடுகளையும் அது சும்மா விடாது. நாள்தோறும் ஓடுகிற யந்திரம் தன் சூட்டினாலேயே கொஞ்சம் ஈரம் உலர்ந்து பிழைக்கும். பத்திரமாய் மூடிவைத்ததுதான் முதலில் கெடும். எலி கடித்த கம்பியையும் பல்லி முட்டையிட்ட பெட்டியையும் பற்றி எழுதப் புகுந்தால் இந்தப் பக்கம் போதாது.

இப்படிக் கெட்டுப்போனவற்றைச் சொல்லிக்கொண்டே போகலாம். நல்லபடியாய் நடந்த ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கையில், அதை முதலில் பார்ப்பது நியாயமல்லவா?

வில்லியனூரில் நடந்தது

லூர்து மாதா திருவிழாவுக்கு நாம் போகிற அதே வில்லியனூர்தான். சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் ஒரு முயற்சியைத் தொடங்கி, அதற்கு வில்லியனூரைத் தலைமை நிலையமாக வைத்தது. ஆராய்ச்சியால் உலகப் பெயர் பெற்று, 2023-இல் காலமான அந்த வேளாண் விஞ்ஞானியின் நிறுவனம் அது. பணம் பெரும்பாலும் கனடாவிலிருந்து வந்தது. அந்நாட்டு அரசின் வளர்ச்சி ஆராய்ச்சி மையம் உதவியது. ஆக, இதுவும் கடல் கடந்து வந்த தானத்தால் கிராமத்துக்குக் கிடைத்த கணிப்பொறிதான். எம்பலம், கீழூர், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம் முதலிய ஊர்களில் மையங்கள் ஏற்பட்டன. (1954-இல் பிரெஞ்சு ஆட்சி நீங்குவதற்கு வாக்கெடுப்பு நடந்ததே, அந்தக் கீழூர்தான் இது.)

அவர்கள் முதலில் கணிப்பொறியைக் கொண்டுவரவில்லை. முதலில் கேள்வி கேட்டார்கள். இந்த ஊர்களில் ஜனங்களுக்குச் செய்தி எங்கிருந்து கிடைக்கிறது, யாரை நம்புகிறார்கள், எது தெரியாமல் நஷ்டப்படுகிறார்கள் என்று வீடு வீடாய் விசாரித்தார்கள். தெரியவந்தது யாதெனில், உழவருக்கு விலையும் விதையும் உரமும் பற்றிய செய்தி தருகிறவர் பெரும்பாலும் உள்ளூர்க் கடைக்காரரும் சந்தையும் உரம் மருந்து விற்பவருமே. விற்கிறவன் சொல்லுகிற சொல்லையே வாங்குகிறவன் நம்பியிருக்க வேண்டிய நிலைமை! இது தெரிந்த பிறகுதான் கணிப்பொறி எதற்காக என்பது தெளிவாயிற்று.

இரண்டாவதாக, ஊரோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். யந்திரம் நிறுவனம் தரும். இடம் ஊர் தர வேண்டும். அந்த இடத்துக்கு வாடகை கிடையாது. ஆனால் ஒரு கண்டிப்பான நிபந்தனை: ஊரில் எவரும், எந்தச் சாதியாரானாலும், ஆணானாலும் பெண்ணானாலும், தடையின்றி உள்ளே வரவேண்டும். நம் நாட்டில் இது எவ்வளவு பெரிய நிபந்தனை என்பது உங்களுக்குத் தெரியும். பொது இடம் என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டு, சிலர் மட்டும் வாசலோடு நிற்க வேண்டிய இடங்கள் எத்தனை! யந்திரத்தின் விலையைவிட இந்த நிபந்தனையின் விலை அதிகம் என்பது நம் எண்ணம்.

மூன்றாவது, நடத்துகிறவர்கள். வெளியூரிலிருந்து நிபுணர் வந்து உட்காரவில்லை. அந்தந்த ஊராரே தங்கள் ஊரிலிருந்து ஆட்களைத் தெரிந்தெடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெரிய படிப்புப் படித்தவர்களுமல்லர். ஆங்கில எழுத்துப் பொறித்த விசைப்பலகையில் எந்த விசை எந்தத் தமிழ் எழுத்துக்கு என்று பழகிக்கொண்டு அவர்கள் தமிழில் அச்சடித்தார்கள். பத்தாம் வகுப்போடு நின்றுபோன பெண்ணும் ஊருக்கே செய்தி சொல்லலாம் என்பதைப் பக்கத்து ஊர் கண்ணால் கண்டது. (கணிப்பொறிக்கு ஆங்கிலம் தெரிய வேண்டும் என்று இன்றும் நம் தாய்மார்கள் சிலர் பயப்படுகிறார்கள். 1999-ஆம் ஆண்டிலேயே சென்னையில் கூடின மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு தமிழ் விசைப்பலகைக்கு ஓர் ஒழுங்கை ஏற்படுத்திவிட்டது. இன்று கைப்பேசியில் பேசினாலே தமிழில் எழுத்து வந்து விழுகிறது. பயம் மட்டும் போகவில்லை.)

அப்பொழுது கிராமத்துக்குத் தொலைபேசிக் கம்பி சரிவர இல்லை. வில்லியனூரில் தொலைபேசி வழியாக இணையத்தைப் பிடித்து, அங்கிருந்து கம்பியில்லாக் கருவி வழியாகக் கிராமங்களுக்குச் செய்தி அனுப்பினார்கள். மின்சாரம் நின்றுபோகும் என்று தெரிந்து சூரிய ஒளித் தகடுகளையும் வைத்தார்கள். ஊரின் குறை இன்னதென்று முன்பே தெரிந்துகொண்டு அதற்கேற்ப யந்திரம் அமைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அதைவிட முக்கியம், வந்த செய்தியை அப்படியே கொட்டிவிடவில்லை. வில்லியனூரில் உட்கார்ந்து அதைத் தமிழாக்கி, நம் மண்ணுக்கும் நம் சந்தைக்கும் பொருந்துமாறு செப்பனிட்டு அனுப்பினார்கள். நெல் விலை, உர விலை, பஸ் நேரம், மாட்டு வைத்தியம், அரசு உதவித் திட்டங்கள், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர் பட்டியலில் யார் யார் பெயர் இருக்கிறது என்பது, இவையெல்லாம் கிடைத்தன. 'நம்ம ஊரு செய்தி' என்று மாதம் இருமுறை பத்திரிகையும் வெளியாயிற்று.

வீராம்பட்டினத்தில் தேவை வேறு. மீனவனுக்கு நெல் விலையா வேண்டும்? நாளை கடல் எப்படி என்பதுதான் வேண்டும். அலை எவ்வளவு உயரம் எழும்பும் என்று அமெரிக்கக் கடற்படை தன் இணையப் பக்கத்தில் வெளியிட்டுவந்த முன்னறிவிப்பை வில்லியனூரில் எடுத்து, வீராம்பட்டினத்துக்கு அனுப்ப, அங்கே ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். கட்டுமரம் இறக்குகிறவர்கள் கரையில் நின்று கேட்டுக்கொண்டு போவார்கள். எங்கோ ஒரு போர்க்கப்பலுக்காகக் கணக்கிட்ட அலை, வீராம்பட்டினத்துக் கட்டுமரத்துக்குப் பயன்பட்டது. இதில் கணிப்பொறியின் வேலை பாதி; அதைத் தமிழில் உரக்கப் படித்த வாயின் வேலை மறுபாதி.

நல்லவாட்டு ஒலிபெருக்கி

நமக்கு வடக்கே இதே கடற்கரையில் நல்லவாடு இருக்கிறது. அங்கும் இந்நிறுவனத்தின் மையம் ஒன்றும் அதற்கென்று ஒலிபெருக்கியும் இருந்தன.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலை. அன்றைய தினத்தை நம் கடற்கரையில் யாரும் மறக்கவில்லை, மறக்கவும் முடியாது. நல்லவாட்டு மீனவக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சுமாத்ராவில் பூமி அதிர்ந்து கடல் பொங்கிய செய்தி அவர் காதில் விழுந்தது. ஊருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். கடல் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று வீட்டார் சொன்னார்கள். உடனே வெளியேறுங்கள், ஊரையும் எழுப்புங்கள் என்றார். செய்தி மையத்தை எட்டியபோது அது பூட்டிக் கிடந்தது. சாவி தேடிக்கொண்டு நிற்காமல் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுத்தார்கள். ஊர் முழுவதும் மேட்டை நோக்கி ஓடிற்று. 3,600 பேருக்கு மேல் உள்ள அந்த ஊரில் ஓர் உயிர்ச்சேதமும் இல்லை. வீடுகளும் படகுகளும்தான் அலையோடு போயின.

இதைக் கேட்டுவிட்டு, பார்த்தீர்களா கணிப்பொறி உயிரைக் காப்பாற்றிற்று என்று ஒருவர் சொல்லக்கூடும். நிதானமாய்ப் பாருங்கள். அந்தக் காலைவேளையில் கணிப்பொறி எதையும் சொல்லவில்லை. சொன்னவர் அவ்வூர்ப் பிள்ளை. வந்தது தொலைபேசி வழியாய். ஊரை எழுப்பினது ஒலிபெருக்கி. அப்படியானால் மையம் என்ன செய்தது? அந்த ஒலிபெருக்கியில் வருகிற குரலை நம்பலாம் என்ற பழக்கத்தை உண்டாக்கி வைத்திருந்தது. ஒலிபெருக்கியில் சொன்னால் அது ஊருக்கு அவசியமான செய்தி, உண்மையான செய்தி என்று ஜனங்கள் அறிந்திருந்தார்கள். ஆகையால் கூப்பிட்டவுடன் ஓடினார்கள். கதவை உடைத்தவர்களும் அது வேறு யாருடையதோ என்று தயங்கவில்லை. கனடாப் பணத்தில் வந்த யந்திரமாயினும் அதைத் தங்கள் ஊர்ச் சொத்தாகவே கருதினார்கள். தானமாய் வந்த ஒன்று ஊருக்குச் சொந்தமாகிவிட்டதா என்று அறிவதற்கு இதைவிட நல்ல அடையாளம் நமக்குத் தெரியவில்லை.

காலம் மாறிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2007-இல் ஹைதராபாத்தில் இந்தியாவுக்கென்றே சுனாமி எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. அலையும் காற்றும் மீன் கூடும் இடமும் இன்று கைப்பேசிக்கே வருகின்றன. 1998-இல் ஓர் ஊருக்கு ஒரு மையம் தந்த செய்தி இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. ஆயினும், எது உண்மை எது புரளி என்று பிரித்துத் தமிழில் சொல்லுகிற அந்தப் பெண்மணியின் இடம் காலியாகத்தான் இருக்கிறது. கைப்பேசியில் வருவதையெல்லாம் அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிற நம் வழக்கத்தைப் பார்க்கும்போது அந்த இடத்தின் அருமை தெரிகிறது.

வேறு இடங்களில் கண்டது

யந்திரத்தை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாட்டைப் பார்க்கலாம். தென் அமெரிக்காவிலுள்ள அந்நாடு, பிள்ளைக்கொரு மடிக்கணினி என்ற உலக இயக்கத்தில் சேர்ந்து, எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. பச்சையும் வெள்ளையுமான அழகிய சிறு பெட்டிகள். கிராமப் பள்ளிகள் 319-ஐ எடுத்து ஆராய்ந்து, அமெரிக்கக் கண்டங்களின் வளர்ச்சி வங்கி ஒன்று 2012-இல் முடிவை வெளியிட்டது. பிள்ளைகள் கணிப்பொறியைக் கையாளப் பழகியிருந்தார்கள். சிந்தனைத் திறனில் கொஞ்சம் முன்னேற்றமும் தெரிந்தது. ஆனால் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மடிக்கணினி கிடைத்த பள்ளிக்கும் கிடைக்காத பள்ளிக்கும் வித்தியாசம் காணப்படவில்லை. அந்தப் பெட்டியைக் கொண்டு இன்ன பாடத்தை இப்படி நடத்து என்று ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை பின்தங்கிவிட்டது.

இதற்கு எதிராக ஒன்றைச் சொல்வோரும் உண்டு. 1999-இல் டெல்லி கால்காஜியில் ஒரு சுவரில் துவாரம் செய்து கணிப்பொறியை வைத்தார்கள். பக்கத்துக் குடிசைப் பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அதை இயக்கப் பழகிக்கொண்டார்கள். உண்மைதான், பிள்ளைகளின் கெட்டிக்காரத்தனம் நம்மை வெட்கப்பட வைக்கும். ஆனால் பத்தாண்டு கழித்து, இதே முறையில் உத்தராகண்டத்தில் அல்மோராப் பக்கம் வைத்திருந்த இரண்டு இடங்களை ஓர் ஆராய்ச்சியாளர் பார்க்கப் போனபோது, அவை செயலற்றுக் கிடந்தன. சொல்லித்தர ஆளில்லாமல் பிள்ளை பழகிக்கொள்ளலாம். பழுது பார்க்க ஆளில்லாமல் யந்திரம் ஓடாது.

தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மேல்நிலை மாணவருக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்ததும் உங்களுக்குத் தெரிந்ததே. அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கு மேல் கொடுக்கப்பட்டது. அது பிள்ளையின் கைக்கே போனபடியால் பூட்டிய அறைக் கேடு அதற்கு இல்லை. கடலூருக்குப் போனால் பழுது பார்க்கிற கடையும் உண்டு. சிலர் விற்றார்கள், சிலர் படமே பார்த்தார்கள் என்று பேசிக்கொள்வார்கள். இருக்கட்டும். குடும்பத்தில் முதல்முதலாகக் கல்லூரிக்குப் போன எத்தனையோ பிள்ளைகளுக்கு அதுவே முதல் கணிப்பொறி என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம்

கல்லூரிப் பிள்ளையே, தாராளமாகச் சேர். ஆனால் குழுக்கூட்டத்தில் இரண்டொரு காரியத்தை வாய்விட்டுக் கேள். நாம் போகிற பள்ளியில் நம்மை அழைத்தது யார்? அவர்கள் கேட்டது கணிப்பொறிதானா, அல்லது நாமாகத் தீர்மானித்தோமா? கழிப்பறையில்லாத பள்ளிக்குக் கணிப்பொறி கொண்டுபோய் இறக்குவதும் உண்டு. நாம் திரும்பின ஆறாம் மாதம் ஒரு யந்திரம் நின்றுபோனால் யார் யாரைக் கூப்பிடுவார்கள்? அந்த ஊரிலேயே இரண்டு பேருக்கு, முடிந்தால் ஓர் ஆசிரியருக்கும் பள்ளிப்படிப்பு முடித்த ஓர் ஊர்ப் பெண்ணுக்கும், பெட்டியைத் திறந்து மூடவும் கெட்ட பாகத்தை மாற்றவும் கற்றுக்கொடுப்பதற்கு நம் பதினைந்து நாளில் எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறோம்? பிள்ளைகளோடு பாட்டுப் பாடி விளையாடும் நாள்களைவிட அது குறைவாயிருந்தால், அந்தப் பிரயாணம் உங்களுக்காகவே நடக்கிறது. உங்களுக்காக நடப்பதும் தப்பில்லை. உலகத்தைப் பார்ப்பது படிப்புத்தான். அதற்குத் தர்மம் என்று பெயர் வைத்து ஊராரிடம் பணம் கேட்பதுதான் சரியில்லை.

பணக் கணக்கையும் ஒளிக்காமல் போட்டுப் பார்க்க வேண்டும். பதினைந்து பேர் விமானக்கூலி எவ்வளவு? அந்தத் தொகைக்கு அங்கேயே, அந்நாட்டுக் கடையிலேயே, உத்தரவாதத்தோடு எத்தனை புதுக் கணிப்பொறி வாங்கலாம்? ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுக்கலாம்? கணக்குப் பார்த்த பிறகும் போகத்தான் வேண்டும் என்று தோன்றினால், பாட்டரி வாங்கவும் பழுது பார்க்கவும் மூன்றாண்டுக்கு ஒரு தொகையைத் தனியே எடுத்துவைத்துவிட்டுப் போங்கள். அயர்லாந்துக் கமாரா பள்ளிகளிடமிருந்தும் ஒரு சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு, ஆசிரியர் பயிற்சியையும் அதோடு சேர்த்தே நடத்தியது. ஏழைப் பள்ளியிடம் காசு வாங்குவதா என்று முதலில் நமக்கும் கசப்பாகத்தான் இருக்கும். ஆயினும் கைக்காசு போட்டவனுக்குப் பொருளின்மேல் ஒரு பாத்தியதை உண்டாகிறது. நல்லவாட்டில் கதவை உடைத்த கைக்கு இருந்ததும் அந்தப் பாத்தியதைதான்.

வெளிநாட்டில் வேலைபார்க்கிற பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது வேறு. பழைய கணிப்பொறிகளை மூட்டை கட்டி இந்தியாவுக்கு அனுப்புவது நினைத்தபடி செய்யக்கூடிய காரியமன்று. பழசான கணிப்பொறி இறக்குமதிக்கு மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும். ஊருக்கு வரும்போது பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஒருவர் ஒரு மடிக்கணினியைச் சுங்கமில்லாமல் கையோடு கொண்டுவரலாம்; அதற்கு மேல் என்றால் விதிகளைக் கேட்டறிந்தே செய்ய வேண்டும். இந்தக் கண்டிப்பு ஏன் என்று கோபப்படாதீர்கள். தானம் என்று பெயர் எழுதிக் குப்பையை ஏழை நாடுகளில் கொட்டினவர்கள் உண்டு. பழைய பெட்டித் திரைகளின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. கம்பியை எரித்துச் செம்பு எடுக்கிற இடத்தில் பிள்ளைகள் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். ஒரு நாட்டு நச்சுக் கழிவை மற்றொரு நாட்டில் தள்ளுவதைத் தடுக்கவே 1989-இல் பாசல் நகரில் உலக உடன்படிக்கை செய்தார்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவை உண்டாக்கியது என்றும், அதில் நாலில் ஒரு பங்குகூட முறையாகச் சேகரித்து மறுபடி பயன்படுத்தப்பட்டதாகக் கணக்கில் வரவில்லை என்றும் ஐக்கிய நாட்டு அறிக்கை சொல்லுகிறது.

இப்பொழுது இந்தச் சோதனை இன்னும் கூடியிருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 என்ற மென்பொருளுக்கு மைக்ரோசாப்ட் கம்பெனி தன் வழக்கமான பாதுகாப்பு உதவியை நிறுத்திவிட்டது. புது விண்டோஸை ஏற்காத கணிப்பொறிகளைக் கம்பெனிகள் ஏராளமாய்க் கழிக்கின்றன. அவற்றில் உடல் நன்றாயிருப்பவையும் உண்டு. லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் இன்னும் சில ஆண்டு நன்றாக உழைக்கும்; தமிழிலும் எழுதலாம். ஆகவே எல்லாமே குப்பை என்று நாம் சொல்லவில்லை. பல்லைப் பாருங்கள் என்கிறோம். நாங்கள் வீட்டில் இதை வைத்துக்கொண்டு வேலை செய்வோமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும்? நைந்த சட்டையைக் கழற்றி ஏழைக்குக் கொடுத்துவிட்டுப் பிறர்சிநேகம் என்று பெயர் வைக்கக் கூடாது.

பணமாக அனுப்ப முடிந்தால் அதுவே மேல். புதுச்சேரியிலோ கடலூரிலோ வாங்கின யந்திரத்துக்குப் பில்லும் உத்தரவாதமும் இருக்கும். கெட்டுப்போனால் பஸ் ஏறி ஒருமணி நேரத்தில் கடைக்காரனைப் பிடித்துவிடலாம். பத்துக்குப் பதில் நாலு வாங்கினாலும் போதும். மீதியில் பாட்டரியும் உறையும் வாங்கி, மாலையில் இரண்டு மணி நேரம் அறையைத் திறந்துவைக்கிற ஓர் ஊர்ப் பெண்ணுக்கு மாதச் சம்பளமும் கொடுக்கலாம். அப்படிச் செய்வதாயிருந்தால் முதலில் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். எந்த வகுப்புக்கு, எந்தப் பாடத்துக்கு, வாரத்தில் எத்தனை மணி என்று கேளுங்கள். சாவி யாரிடம் இருக்கும், அவர் மாறுதலாகிப் போனால் அடுத்தது யாரிடம் என்பதையும் பெற்றோர் சங்கத்தார் முன்னிலையில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதன்பின் பணத்தை அனுப்புங்கள்.